டவுன் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

திருப்பூரை விட்டுச் சொந்த ஊருக்கே வருகிறோம், ஊர் ஒரு பேரூராட்சி, மகள் ஆறாம் வகுப்புக்கும் மகன் ஒன்பதாம் வகுப்புக்கும் போக வேண்டும், இதுவரை இருவரும் மெட்ரிக் பள்ளி, இனி ஊரில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கலாமா, படிப்பு எப்படி இருக்கும், விளையாட்டு, கலை எல்லாம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பையும் மற்றதையும் தனித்தனியாகக் கேட்டாலும் உங்கள் மனதில் ஓடுவது ஒன்றுதான் என்று தோன்றுகிறது: இங்கே கொண்டுவந்து விட்டால் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களோ? அதற்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. மகளுக்கு ஒரு பதில், மகனுக்கு வேறு பதில்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டு அரசுப் பள்ளி வேலை. பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்து, பிறகு முதுகலை ஆசிரியராகி வேதியியல் எடுத்து, கடைசி இரண்டு ஆண்டு தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். மொத்தம் நான்கு பள்ளிகள். நான்குமே ஒரு பேருந்து நிலையம், ஒரு வாரச் சந்தை, இரண்டு மூன்று கல்யாண மண்டபம் என்று இருக்கும் ஊர்கள். சென்னைப் பள்ளிகளைப் பற்றியோ மலைக்கிராமப் பள்ளிகளைப் பற்றியோ பேச எனக்குத் தகுதி இல்லை. உங்கள் ஊர்ப் பள்ளியையும் நான் பார்த்ததில்லை. அங்கே போய் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

முதலில், தேர்ச்சி விகிதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். 2025 பிளஸ் டூ தேர்வில் மாநில அளவில் 95.03 சதவீதம் தேர்ச்சி, அரசுப் பள்ளிகளில் மட்டும் 91.94. இந்த மூன்று சதவீத வித்தியாசத்தில் பள்ளியின் பங்கு எவ்வளவு, பிள்ளையின் வீட்டு நிலைமையின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. நாங்கள் நுழைவுத் தேர்வு வைத்து யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் மார்க் குறைந்த பையனுக்கு டி.சி.யைக் கையில் கொடுத்துத் தங்கள் ‘சென்டம் ரிசல்ட்’டைக் காப்பாற்றிக்கொள்ளும் பள்ளிகள் உண்டு. அங்கிருந்து வருபவனையும் நாங்கள்தான் சேர்த்துக்கொள்கிறோம்.

அதே சமயம் எங்கள் 91-ஐயும் அப்படியே நம்பிவிட வேண்டாம். என் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ வேதியியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பாஸ் மார்க் 35, அதில் எழுத்தில் குறைந்தது 15 வேண்டும். செய்முறையும் அகமதிப்பீடும் பெரும்பாலும் முழுசாக வந்துவிடும். ஆக, 70-க்கு 15 எடுத்தால் பையன் கரையேறிவிட்டான். அந்த 15-ஐ எடுக்க வைப்பதில் நாங்கள் கைதேர்ந்தவர்கள். ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் போடுவோம், புக் பேக் ஒரு மார்க் கேள்விகளைத் தலைகீழாக ஒப்பிக்க வைப்போம், அடிக்கடி வரும் ஐந்து மார்க் கேள்விகளில் பத்தைப் பொறுக்கிக் கொடுப்போம். ஜனவரியிலிருந்து காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு, சாயங்காலம் பெற்றோர் ஆசிரியர் கழகச் (பி.டி.ஏ.) செலவில் சுண்டல். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அப்பா இல்லாத, காலையில் பால் ஊற்றிவிட்டுப் பள்ளிக்கு வருகிற பையனுக்கு அந்தப் பாஸ் ஒரு பெரிய வாசல். ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை.

உங்கள் பிள்ளைகள் மெட்ரிக்கில் இருந்து வருவதால், அநேகமாக நடுத்தட்டில் உட்காருவார்கள். அரசுப் பள்ளியில் அதிகம் கவனிக்கப்படாத இடம் அதுதான். கீழே இருப்பவனை ரிசல்ட்டுக்காகத் தூக்குகிறோம். மேலே இருக்கும் நான்கைந்து பேர் தாங்களாகவே ஆசிரியரைத் தேடி ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்துவிடுவார்கள். நடுவில் அறுபது எழுபது மார்க் எடுக்கும் பிள்ளை ‘பாஸாகிவிடும்’ என்ற கணக்கில் சேர்ந்துவிடும். அதன் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள். நானே அப்படிச் சில பிள்ளைகளை விட்டிருக்கிறேன், பெயர் நினைவிருக்கிறது. ஆகவே அரசுப் பள்ளியில் சேர்த்தால் மாதம் ஒருமுறை நீங்கள் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். கட்டணம் கட்டாததால் கேட்க உரிமை இல்லை என்று நினைக்கும் பெற்றோர்கள் நம் ஊரில் நிறைய. கேட்பவரின் பிள்ளை மேல் ஆசிரியருக்குத் தானாக ஒரு கண் இருக்கும், இது மனித சுபாவம்.

இப்போது முக்கியமான விஷயம். டவுன் அரசுப் பள்ளியின் தரத்தை முடிவுசெய்வது கட்டடமோ ஹைடெக் லேபோ இல்லை. எந்தப் பணியிடத்தில் ஆள் இருக்கிறார், எதில் இல்லை என்பதுதான். ஒரே பள்ளி மூன்று ஆண்டில் நல்ல பள்ளியாகவும் மோசமான பள்ளியாகவும் மாறுவதை நான் உள்ளே இருந்தே பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கணக்கு முதுகலை ஆசிரியர் மே மாதம் ஓய்வு பெற்றார். பொது மாறுதல் கலந்தாய்வில் அந்த இடத்தை யாரும் எடுக்கவில்லை. மாவட்டத் தலைநகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம், யார் எடுப்பார்? அக்டோபர் வரை பிளஸ் டூவுக்குக் கணக்கு இல்லை. இயற்பியல் ஆசிரியர் தன் பாடத்தோடு அதையும் கொஞ்சம் நடத்தினார். பிறகு பள்ளி மேலாண்மைக் குழு மூலம் ஒரு தற்காலிக ஆசிரியை வந்தார், நன்றாகத்தான் நடத்தினார், ஆனால் பாதி வருஷம் போய்விட்டது. முந்தைய ஆண்டு கணக்கில் 80-க்கு மேல் எடுத்தவர்கள் பதினாறு பேர், அந்த ஆண்டு இரண்டே பேர். பள்ளியின் பெயர்ப் பலகை மாறவில்லை, மற்ற எல்லா ஆசிரியரும் அதே ஆட்கள்தான்.

அதனால் நீங்கள் பள்ளிக்குப் போனால் தலைமையாசிரியர் அறைக்குள் கொஞ்ச நேரம் உட்காருங்கள். சுவரில் பொதுவாக இரண்டு பலகைகள் இருக்கும். ஒன்றில் அனுமதிக்கப்பட்ட பணியிடம், பணிபுரிவோர், காலி என்று எழுதியிருக்கும். அதில் ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர்கள் எத்தனை பேர், எத்தனை காலி என்று பாருங்கள். அவர்களில் யாராவது வேறு பள்ளிக்கு ‘மாற்றுப்பணி’யில் போயிருக்கிறார்களா என்றும் கேளுங்கள், பலகையில் பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். இன்னொரு பலகை, இதுவரை இருந்த தலைமையாசிரியர்களின் பெயரும் தேதியும். பத்து ஆண்டில் ஏழு எட்டுப் பெயர் இருந்தால் யோசியுங்கள். பதவி உயர்வு சர்வீஸின் கடைசியில் வருவதால் பலர் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். நானே இரண்டு ஆண்டுதான். முதல் ஆண்டு பள்ளியைப் புரிந்துகொள்ளவே சரியாகப் போனது, இரண்டாம் ஆண்டு பென்ஷன் பேப்பர். நான்கு ஐந்து ஆண்டு ஒரே ஆள் இருக்கும் பள்ளியில் ஒழுங்கு தெரியும், நேரத்துக்கு மணி அடிக்கும்.

ஆசிரியர்கள் படித்தவர்களா, திறமை இருக்கிறதா என்ற சந்தேகம் வேண்டாம். போட்டித் தேர்வு எழுதியோ சீனியாரிட்டியிலோ வந்தவர்கள், பெரும்பாலும் பக்கத்து மெட்ரிக் பள்ளி ஆசிரியரைவிடக் கூடுதலாகப் படித்தவர்கள், சம்பளமும் பல மடங்கு. பிரச்சினை அவர்களுடைய நேரம். இ.எம்.ஐ.எஸ். என்ற கல்வித் துறை இணையதளத்தில் பிள்ளைகள் விவரப் பதிவு, பயிற்சி வகுப்பு, தேர்தல் வேலை, நலத்திட்டக் கணக்கு என்று வகுப்பு நேரம் கரைகிறது. சோம்பேறி ஆசிரியரும் உண்டு, நான்கு பள்ளியிலும் இரண்டு மூன்று பேரைப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் உட்கார்ந்து ‘படிங்கப்பா’ என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்ப்பவர். அவரை மாற்ற உங்களால் முடியாது, அவர் எந்த வகுப்புக்கு வருகிறார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

ஆய்வகம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஞ்ஞானப் படிப்பின் லட்சணம் அங்கேதான் தெரியும். என் கடைசிப் பள்ளியில் 46 பிள்ளைகளுக்கு 11 ப்யூரெட் (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் கண்ணாடிக் குழாய்) இருந்தன, அதில் மூன்றில் திருகு ஒழுகும். நான்கு பேருக்கு ஒன்று என்று பிரித்து, ஒருத்தி திருகைப் பிடிக்க, ஒருத்தி குடுவையைச் சுழற்ற, ஒருத்தி அளவைப் படிக்க, நான்காவது ஆள் குறிப்பெடுக்க என்று வாரம் ஒரு மதியம் ஓட்டினோம். பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டி ஒரு சொட்டில் இளஞ்சிவப்பாகி நிற்கும் அந்த நொடியைத் தவறவிட்டு, குடுவை முழுக்க ரோஸ் கலராக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதைக் கொட்டிவிட்டு மறுபடி செய்யச் சொல்லுமளவுக்கு ரசாயனம் இருந்ததா என்றால், ஜூலையில் இருந்தது, ஜனவரியில் இல்லை. ஆனாலும் செய்தார்கள். அருகில் இருந்த பெரிய தனியார் பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண் பிளஸ் டூ நடுவில் எங்களிடம் சேர்ந்தாள், ப்யூரெட்டை அதுவரை கையால் தொட்டதில்லை என்றாள். ஆகவே ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பூட்டில் துரு இருக்கிறதா, கழுவுதொட்டி ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மொழி வழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சேர்க்கைப் படிவத்தில் அது முதல் கேள்வியாக வரும். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. நான் பார்த்த வரை, அங்கே ஆங்கிலம் என்பது புத்தகத்தின் மொழி, வகுப்பின் மொழி தமிழ்தான். அதே ஆசிரியர் முதல் பீரியட் தமிழ் வழியிலும் அடுத்த பீரியட் ஆங்கில வழியிலும் நடத்துவார், பாடம் ஒன்றே, சொற்கள் மட்டும் மாறும். மெட்ரிக்கில் இருந்து வரும் மகனை ஒன்பதாம் வகுப்பில் தமிழ் வழிக்கு மாற்ற வேண்டாம், இரண்டு ஆண்டில் பொதுத் தேர்வு வைத்துக்கொண்டு சொற்களைப் புதிதாகக் கற்பது வீண் சுமை. மகளுக்கு இரண்டும் சரி. பள்ளிப் படிப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் போனால் அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்காக மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன், வீட்டில் யார் பாடம் சொல்லித்தரப் போகிறார், அவருக்கு எந்த மொழி வரும் என்று பாருங்கள்.

இப்போது மகளுக்கும் மகனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வருகிறேன். இது கருத்து இல்லை, விதி. 2020-ல் வந்த சட்டத்தின்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதற்கு முன் அரசுப் பள்ளியிலிருந்து ஒரு ஆண்டில் எம்.பி.பி.எஸ். போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதல் ஆண்டே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 400 பேர் போனார்கள். 2021-ல் இதையே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரித்தார்கள், கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரியில் சேரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், 2024-ல் வந்த மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் இரண்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு என்பதுதான் அடிப்படைக் கணக்கு. உங்கள் மகள் சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறாள். இந்த ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்த்தால் உள்ளே, ‘ஒரு வருஷம் மெட்ரிக்கில் பார்த்துவிட்டு ஏழாம் வகுப்பில் மாற்றலாம்’ என்றால் வெளியே. இப்படி ஒரு வருஷம் யோசித்து, பிறகு பிளஸ் டூ முடிந்ததும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற பெற்றோர்கள் பலர். ஒன்றும் செய்ய முடியவில்லை.

மகனுக்கு இவை எதுவும் கிடையாது. ஒரு விதிவிலக்கு உண்டு: கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் அவனை அந்தத் தனியார் பள்ளியில் சேர்த்திருந்தால், எட்டு வரை அங்கே படித்து ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாலும் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. கட்டணம் கட்டிப் படித்திருந்தால் இல்லை. ஆகவே அவன் விஷயத்தில் சலுகையை மறந்துவிட்டு, நான் மேலே சொன்ன பலகையை மட்டும் பாருங்கள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்க நிரந்தர ஆள் இருந்தால் தயங்காமல் சேருங்கள். கணக்கு இடம் காலியாக இருந்து, நீங்களும் வீட்டில் சொல்லித்தர முடியாது என்றால், ஊரில் அரசு உதவி பெறும் பள்ளி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பதினொன்றாம் வகுப்பைப் பற்றி எனக்கே முடிவு தெரியாத ஒன்று உண்டு. தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்ததால்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அது ரத்து. பிள்ளைகளின் சுமை குறைந்தது என்று பலர் மகிழ்கிறார்கள். பழைய பழக்கம் திரும்பி வரும் என்பது என் பயம், ஆனால் அது பயம் மட்டுமே. அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கும் வழக்கம் அப்போதும் அவ்வளவாக இல்லை. நீட், ஜே.இ.இ. கேள்விகளில் பாதி பிளஸ் ஒன் பாடம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

மாவட்டத்துக்கு ஒன்று என்று வந்திருக்கும் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகள் பற்றியும் என் மனம் இரண்டாகத்தான் இருக்கிறது. போன பிள்ளைகள் ஐ.ஐ.டி. வரை போகிறார்கள். ஆனால் நன்றாகப் படிப்பவர்கள் அங்கே போய்விடுவதால் எங்கள் வகுப்பில் முதல் பெஞ்ச் காலியாகிவிடுகிறது, மற்றவர்கள் சந்தேகம் கேட்கும் பிள்ளை அதுதான்.

உதவித்தொகைத் தேர்வுகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு, தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. மகனுக்கு ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். உங்கள் ஊர் பேரூராட்சி என்பதால் எழுதலாம், நகராட்சியாக இருந்தால் முடியாது. தொகை ஆண்டுக்கு ஆயிரம்தான், வருமான வரம்பும் குறைவு, ஆனாலும் மணிக்கணக்கில் ஓ.எம்.ஆர். தாளோடு உட்காரும் முதல் பழக்கம் அதுதான். பிளஸ் ஒன்னில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, தேறும் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் இரண்டு ஆண்டுக்கு. அதில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே. பல பள்ளிகளில் கடைசி நாளில்தான் விண்ணப்பம் போகும், நீங்கள் தேதி கேட்டால் முன்பே போகும்.

பாடம் தவிர்த்த செயல்பாடுகள் பற்றிக் கேட்டீர்கள். காகிதத்தில் எல்லாப் பள்ளியிலும் எல்லாம் உண்டு. இலக்கிய மன்றம், கணித மன்றம், அறிவியல் மன்றம், நுகர்வோர் மன்றம், பசுமைப்படை, இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் (ஜே.ஆர்.சி.), சாரணர் இயக்கம், சாலைப் பாதுகாப்பு என்று தலைமையாசிரியர் அலமாரியில் பதிவேடுகள் வரிசையாக இருக்கும். ஒரே ஆசிரியர் நான்கு மன்றத்துக்குப் பொறுப்பு. ஆண்டுக்கு ஒரு போட்டோ. நான் முன்பு சொன்ன 10 மார்க் அகமதிப்பீட்டில் 2 மார்க் இந்த இணைச் செயல்பாடுகளுக்கு, அதை எல்லாருக்கும் இரண்டுக்கு இரண்டு போட்டுவிடுவோம். இதுதான் நிலவரம். ஆகவே ‘உங்கள் பள்ளியில் சாரணர் உண்டா’ என்று கேட்காதீர்கள், உண்டு என்பார்கள். ‘போன வருஷம் எங்கே முகாம் போனீர்கள்’ என்று கேளுங்கள். என்.சி.சி. மட்டும் விதிவிலக்கு. அது எல்லாப் பள்ளியிலும் இல்லை, இருக்கும் இடத்தில் நிஜமாகவே நடக்கும், சீருடையும் அணிவகுப்பும் ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வும் உண்டு. மகனுக்கு விருப்பம் இருந்தால் சேர்ந்த முதல் வாரமே பெயர் கொடுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

உயிரோடு இருக்கும் விஷயம் மைதானம். டவுன் அரசுப் பள்ளிகளுக்குப் பழைய காலத்தில் ஒதுக்கிய மைதானம் பல ஏக்கர் இருக்கும், பக்கத்து மெட்ரிக் பள்ளிக்கு வேன் நிறுத்தும் இடம்தான் விளையாட்டுத் திடல். ஆனால் மைதானம் இருந்தால் போதாது, பி.டி. சார் வேண்டும். எங்கள் பள்ளியில் ஒருவர் இருந்தார். காலை ஆறரைக்கு டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்து, சுண்ணாம்புத் தூளால் கோ-கோ தடம் போட்டுவிட்டு விசில் ஊதுவார், பத்து நிமிஷத்தில் பதினைந்து பெண் பிள்ளைகள் வந்து நிற்பார்கள், பாதிப் பேர் வெறுங்காலோடு. குறுவட்டப் போட்டிக்கு அரசுப் பேருந்தில்தான் கூட்டிக்கொண்டு போவார், கையில் எலுமிச்சை சாதப் பொட்டலம். பள்ளி விளையாட்டு நிதி அரைநாளுக்குக் கூடப் போதாது, மீதி அவர் பாக்கெட்டிலிருந்து. ஒரு வருஷம் குறுவட்டத்தில் ஜெயித்துவிட்டார்கள். மாவட்டப் போட்டிக்கு இரவு தங்க வேண்டும் என்றதும் மூன்று வீட்டில் அனுப்ப மாட்டோம் என்றார்கள். அவர் மனைவி அந்த மூன்று வீட்டுக்கும் நடந்து போய், ‘நானும் கூடவே போறேன்’ என்று சொல்லிக் கூட்டிவந்தார். மாவட்டத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். அடுத்த வருஷம் யாரும் அனுப்ப மறுக்கவில்லை. அவர் மாறுதலில் போனபின் இரண்டு ஆண்டு அந்தத் தடத்தில் புல் முளைத்திருந்தது.

ஆகவே சாயங்காலம் நாலரை மணிக்கு ஒருநாள் பள்ளி கேட்டுக்கு வெளியே நின்று பாருங்கள். மைதானத்தில் யாராவது விசில் ஊதுகிறார்களா, பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா. பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது எல்லாப் பள்ளியிலும் நடக்கும், நானும் வாங்கியிருக்கிறேன். நாலரைக்குப் பிறகு யாராலும் வாங்க முடியாது.

ஓவியம், இசை, தையல் நிலைமை பரிதாபம். 2012-ல் இந்தப் பாடங்களுக்கும் கணினிக்கும் உடற்கல்விக்கும் சேர்த்து மாநிலம் முழுக்கச் சுமார் 16,500 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், வாரத்தில் மூன்று அரைநாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். நிரந்தரம் வேண்டி அவர்கள் போராடாத ஆண்டு இல்லை. அந்தச் சம்பளத்திலும் அற்புதமாக வேலை செய்தவர்கள் உண்டு. 2022-23-ல் கலைத் திருவிழா தொடங்கியபின் கொஞ்சம் மாறியிருக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி நடப்பதால், யாரிடம் என்ன இருக்கிறது என்று பள்ளியே ஒருமுறை தேட வேண்டியிருக்கிறது. செங்கல் சூளை வீட்டுப் பையன் ஒருவன் எங்களிடம் எட்டாம் வகுப்பில் இருந்தான், வாரத்தில் மூன்று நாள் வந்தால் பெரிது. களிமண் சிற்பம் என்றதும் பெயர் கொடுத்தான். ஒரு காளை மாடு செய்தான், திமிலுக்குக் கீழே தோல் மடிவது வரைக்கும் இருந்தது. வட்டாரத்தில் முதல், மாவட்டத்தில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு கணக்கில் அவன் மார்க் ஏறிவிடவில்லை. ஆனால் ஐந்து நாளும் வந்தான்.

மகளுக்கு ஆறு முதல் எட்டு வரை வானவில் மன்றம் உண்டு, வெளியிலிருந்து கருத்தாளர் வந்து சிறு சோதனைகள் செய்து காட்டுவார். வெளிச்சம் ஒளிவிலகுவதை அவர் தண்ணீர்க் கிளாஸில் காட்டியபோது மூன்றாம் பெஞ்சில் நின்று நானும் பார்த்தேன். மகிழ் முற்றம் என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழு பிரித்திருக்கிறார்கள். ‘தேன்சிட்டு’ இதழ் வரும், பள்ளிப் பிள்ளைகள் எழுதுவதும் அதில் வரும். மகன் பிளஸ் ஒன் போகும்போது நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரட்டும். ஏழு நாள் முகாமில் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் தங்கி, ஐம்பது பேருக்கு உப்புமா கிண்டுவது எப்படி என்று தெரிந்துகொண்டு வருவான், அது எங்கேயும் சொல்லித்தருவதில்லை.

பெருமைக்குரிய பெயர்களைச் சொல்லி யாராவது உங்களைத் தேற்றுவார்கள். இஸ்ரோவின் மயில்சாமி அண்ணாதுரையும் சிவனும் கிராமத்து அரசுப் பள்ளியில் படித்தவர்கள்தான். ஆனால் அவர்கள் படித்தது 1960-களில், 70-களில். அன்று அதே பெஞ்சில் கணக்குப்பிள்ளை மகனும் டாக்டர் மகனும் உட்கார்ந்திருந்தார்கள், அந்த அப்பாக்கள் தலைமையாசிரியரைக் கேள்வி கேட்டார்கள். இன்று அவர்கள் வேனில் போய்விட்டார்கள். அதனால்தான் மாதம் ஒருமுறை போகச் சொன்னேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்குத்தான் பெரும்பான்மை, தலைவரும் பெற்றோர்தான். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். கழிப்பறைத் தண்ணீர், காலிப் பணியிடம் இரண்டையும் தீர்மானமாக எழுதவையுங்கள். கழிப்பறையைச் சேர்க்கைக்கு முன்பே, காலையில் அல்ல, மதியம் இரண்டு மணிக்குப் பாருங்கள். பெண் பிள்ளை தண்ணீரே குடிக்காமல் வீட்டுக்கு வரும் பள்ளி எவ்வளவு நல்ல ரிசல்ட் கொடுத்தாலும் வேண்டாம்.

சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும் என்பதால் இதையும் சொல்கிறேன். சில ஊர்களில் பையன்கள் கையில் நிறம் நிறமாகச் சாதிக் கயிறு கட்டி வருவதை நானே அவிழ்க்கச் சொல்லியிருக்கிறேன், மறுநாள் அது அரைஞாணில் இருக்கும். 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து உடன்படித்தவர்களே வெட்டியபின் நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டு, 2024-ல் அறிக்கையும் வந்தது. உங்கள் ஊரில் நிலைமை எப்படி என்பது அந்த ஊர்க்காரரான உங்களுக்கே தெரிந்திருக்கும். திருப்பூரில் வளர்ந்த பையனுக்குத் தெரிந்திருக்காது. ஒன்பதாம் வகுப்பில் புதிதாக நுழைபவனிடம் முதல் வாரத்திலேயே ‘நீ எந்தத் தெரு’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை. இப்போது படிக்கும் பள்ளியில் டி.சி. வாங்கும்போது, இ.எம்.ஐ.எஸ்.-ல் இருவர் பெயரையும் ‘காமன் பூல்’ எனும், பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு அனுப்பிவிட்டார்களா என்று அங்கேயே நின்று கேட்டு உறுதி செய்யுங்கள். கட்டணப் பாக்கி இருந்தால் சில பள்ளிகள் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் பெயரை விடுவிக்காமல் வைத்திருக்கும். அரசுப் பள்ளி உங்கள் பிள்ளைகளைச் சேர்த்து வகுப்பில் உட்காரவைத்துவிடும், ஆனால் பெயர் ஏறாத வரை புத்தகக் கணக்கிலும் பஸ் பாஸிலும் அவர்கள் இருக்க மாட்டார்கள். மகளுக்கு ஆறாம் வகுப்பு எந்த ஆண்டில் எந்தப் பள்ளியில் என்ற பதிவும் அங்கேதான் தொடங்குகிறது.